கட்டிலுக்கடியில் மீன் பெட்டிகள்

1918ஆம் ஆண்டு நவம்பர் ஏழாம் தேதி, ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட தலூன் என்ற கப்பல் சமோவாவின் அப்பியா துறைமுகத்துக்கு வந்தது. அதில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். பயணிகள் இறங்க அனுமதி கிடைத்தது. அடுத்த சில வாரங்களில் மேற்கு சமோவாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்கள்.

ஃபுவாதினோ வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் முன்னால் நீளமான சிமெண்ட் மேடை ஒன்று இருந்தது. அந்தக் காய்ச்சலில் செத்தவர்களை ஒரே குழியில் போட்டு மூடிய இடம். யார் யார் என்று தெரியாததால் பெயர் எழுதவில்லை. வெயில் நன்றாக விழும் என்பதால் இப்போது கொக்கோ விதை காயப்போட அது வசதியாக இருந்தது. பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து பாடம் படித்தார்கள்.

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிராமத்துப் பெண்கள் குழுவின் கூட்டத்துக்கு நர்ஸ் ஒருவர் வந்தார். ஆசியாவில் பறவைகளுக்கு வரும் காய்ச்சல் மனிதருக்கு மனிதர் பரவ ஆரம்பித்தால் என்ன செய்வது என்று பேசினார். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வாரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், சோப்பு, காய்ச்சல் மாத்திரை இருக்க வேண்டும்; நோயாளிக்குத் தனி அறை வேண்டும்; வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. பெண்கள் பாயில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு தேநீர் வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஃபுவாதினோவுக்கு மட்டும் அது போகவில்லை. அவள் மகள் மாசினாவுக்கு ஏழு வயது. முந்தைய ஆண்டு நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தவள். குழந்தையின் விலா எலும்புகள் மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்ததை ஃபுவாதினோ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்னொரு முறை அதைப் பார்க்க அவளால் முடியாது.

வீடு என்று பார்த்தால் தூண்களும் கூரையும்தான். காற்றும் கோழியும் தெருவில் போகிறவர்களும் வரத் தடையில்லாத வீடு. பின்னால் மட்டும் அவள் கணவன் லாஃபாயி ஒரு சிமெண்ட் அறை கட்டியிருந்தான். கதவு உண்டு, கண்ணாடிப் பட்டை வைத்த ஜன்னல் உண்டு. அந்த அறையின் கட்டிலுக்கடியில் அவள் சேர்க்கத் தொடங்கினாள். சந்தையில் சேம்பங்கிழங்கு விற்றுத் திரும்பும்போதெல்லாம் டின் மீன் பெட்டி ஒன்று பஸ்ஸில் அவள் மடியில் வந்தது.

அங்கேதான் தப்பு நடந்தது. சமோவாவில் டின் மீனைப் பெட்டியோடு வாங்குகிறவர்கள் சாவுக்குத்தான் வாங்குவார்கள். சாவு வீட்டுக்குச் சீராக நுணுக்கமாய்ப் பின்னிய பாய்களும் மீன் பெட்டிகளும் போகும். ஒருவர் முற்றத்தில் நின்று யார் எத்தனை கொண்டுவந்தார்கள் என்று ஊர் கேட்க அறிவிப்பார். ஃபுவாதினோ பெட்டி இறக்குவதைப் பார்த்தவர்கள் அந்த வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பாதிரியார் ஒருநாள் வந்து லாஃபாயியின் கையைப் பிடித்து ஜெபமே செய்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவள் லூப்பே, லாஃபாயியின் அக்கா. பக்கத்து வளைகுடாவில் வாழ்க்கைப்பட்டவள். நேராகப் பின் அறைக்குப் போய், குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள்.

“யாருடி சாகப் போறா? எந்தம்பியா, நானா? எங்கிட்ட மட்டும் சொல்லிடு, நல்ல துணியா எடுத்து வச்சுக்கிறேன்.”

“காய்ச்சல் வந்தா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்கணும் அண்ணி. அதுக்குத்தான்.”

“எந்தக் கதவை?” என்று கேட்டுவிட்டு லூப்பே தூண்களைச் சுற்றிப் பார்த்தாள். லாஃபாயி சிரித்தான். ஃபுவாதினோவும் சிரித்து வைத்தாள்.

மே மாதத்தில் லூப்பேயின் மாமியார் இறந்தார். சொல்லியனுப்பவில்லை, லூப்பேயே வேன் ஒன்றோடு வந்தாள். புகுந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவள் பிறந்த வீடு நிற்க வேண்டிய நாள் அது. பாய்களை எடுத்தாயிற்று. பிறகு அவள் தம்பியைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. அக்காவின் மனம் கோணினால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் லாஃபாயி. அவன் எழுந்து பின் அறைக்குப் போனான்.

கதவில் ஃபுவாதினோ நின்றுகொண்டிருந்தாள். வாழ்க்கைப்பட்டு வந்தவள் அந்த வீட்டில் பரிமாறுகிறவள், பேசுகிறவள் அல்ல. அன்று பேசினாள். பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மாசினாவின் ஆஸ்பத்திரி நாட்களைச் சொன்னாள். லாஃபாயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லூப்பேதான் பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள்.

“முன்னாடி மேடையில கிடக்கிறாங்களே, அவங்க எல்லாம் காய்ச்சல்லயா செத்தாங்க? பாதிப்பேர் தண்ணி காய்ச்சிக் குடுக்க ஆளில்லாம செத்தாங்க. நாளைக்கு நீ படுத்தா, இந்த டின்னா எழுந்து வந்து உனக்குக் கஞ்சி ஊத்தும்? இன்னிக்கு நாம போனாத்தான் அன்னிக்கு அவங்க வருவாங்க.”

“அவங்க வர்றதுதான் அண்ணி எனக்குப் பயம்” என்றாள் ஃபுவாதினோ.

இருவருக்கும் நடுவில் லாஃபாயி குனிந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தான். எல்லாமே போயின. தண்ணீர்க் கேன்களும் சோப்பும் மாத்திரையும் சாவு வீட்டுக்கு ஆகாதவை என்பதால் தங்கின.

சாவு வீட்டில் லாஃபாயியின் பெயரைச் சொல்லிப் பெட்டிகளை அறிவித்தபோது கூட்டத்தில் மதிப்பான முணுமுணுப்பு எழுந்தது. லூப்பே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஃபுவாதினோ சமையல் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அறிவிப்பு அவள் காதிலும் விழுந்தது. உறவுப் பிள்ளைகள் வரிசையாக ஒரே பாயில் படுத்தார்கள், மாசினா நடுவில். பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது. வந்தவர்கள் எல்லாரும் இறந்தவரின் நெற்றியில் முத்தமிட்டார்கள், பிறகு ஒருவரையொருவர் முத்தமிட்டார்கள். திரும்பும்போது பங்காக ஒரு மீன் பெட்டியும் பன்றி இறைச்சித் துண்டும் கிடைத்தன. அந்தப் பெட்டியை வழியில் இன்னொரு உறவுக்குக் கொடுத்துவிட்டான் லாஃபாயி.

அதற்கடுத்த வாரம் மாசினா இருமினாள். பிறகு காய்ச்சல் ஏறியது. நர்ஸ் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து கொடுத்து, இது பறவைக் காய்ச்சலாக இருக்காது என்றார். ஆனாலும் கூட்டம் சேர்க்க வேண்டாம், மூச்சு இழுத்தால் உடனே தூக்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபுவாதினோ குழந்தையோடு பின் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். லாஃபாயி கிழங்கு வேகவைத்து வாசலில் வைத்தான். அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கி விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லூப்பே வந்தாள். சொன்னபடியே வந்தாள், கொக்கோ போட்ட அரிசிக் கஞ்சி ஒரு சட்டி நிறைய. கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு இருமினாள். சாவு வீட்டில் பிடித்த இருமல்தான். அவளால் அடக்க முடியவில்லை.

“திற. நான் புள்ளைய வச்சுக்கிறேன், நீ கொஞ்சம் படு.”

லாஃபாயி முற்றத்தில் நின்று கதவைப் பார்த்தான். அவன் அக்காவை அந்த வீட்டில் இதுவரை யாரும் வெளியே நிறுத்தியதில்லை. ஃபுவாதினோ கதவுப் பக்கம் போகவில்லை; ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடிப் பட்டைகளைத் திருப்பினாள். சட்டி அந்த இடுக்கில் நுழையாது.

“வேணாம் அண்ணி. உங்களுக்கு இருமல் இருக்கு.”

“இருமல் எல்லாருக்கும்தான் இருக்கு. நான் யாரு உனக்கு?”

“மேடை மேல வச்சுட்டுப் போங்க. நான் அப்புறமா எடுத்துக்கிறேன்.”

லூப்பே தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி முன்பக்கம் போனாள். காய்ந்துகொண்டிருந்த கொக்கோ விதைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு, மேடை மேல் சட்டியை வைத்து, மூடியைச் சரிசெய்தாள். சாலை வரை அவள் இருமல் கேட்டது.

சட்டி ஆறும்வரை காத்திருந்து ஃபுவாதினோ அதை எடுத்துவந்தாள். மீண்டும் கொதிக்கவைத்து ஊட்டினாள். மாசினா கொஞ்சம் குடித்தாள்.

ஒரு வாரத்தில் குழந்தைக்குச் சரியாகிவிட்டது. அந்த ஆண்டு பறவைக் காய்ச்சல் சமோவாவுக்கு வரவில்லை. கழுவிய சட்டியை லாஃபாயி கொண்டுபோய்க் கொடுத்தான். அக்டோபரில், பிள்ளைகள் வெள்ளை உடுத்திக் கோவிலுக்குப் போகும் குழந்தைகள் ஞாயிறு வரும்வரை லூப்பே தம்பி வீட்டுக்கு வரவில்லை. அன்று வந்தாள், முன்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள், மாசினாவின் வெள்ளைக் கவுனைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். பின் அறைப் பக்கம் போகவில்லை. அங்கே கட்டிலுக்கடியில் புதிதாக இரண்டு மீன் பெட்டிகள் இருந்தன.