லோகேஷ் கொண்டுபோன தண்ணீர்

பாலக்காட்டுக்குப் பயிற்சிக்குப் புறப்படும் முன் லோகேஷ் ஒரே ஒரு சந்தேகத்தைத்தான் போன் போட்டுக் கேட்டான். சர்டிபிகேட்டில் கழிவுநீர் என்ற வார்த்தை வருமா, வெறுமனே ஆபரேட்டர் என்று போட்டுக் கொடுப்பார்களா? மறுமுனையில் இருந்தவர் சிரித்துவிட்டு, முழுசாகத்தான் வரும் என்றார். அப்போதே அவனுக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது.

சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஏழு வருடமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்வது அவன்தான். அறுபது அறைகளின் குளியலும் கக்கூஸும் சமையலறைக் கழுநீரும் அவனிடம் வந்து சேரும். காற்றை ஊதி, கசடை அடியில் தங்கவைத்து, குளோரின் போட்டு, நாற்றமில்லாத தண்ணீராக ரிசார்ட் தோட்டத்துக்கு அனுப்புவான். யாராவது ஒருவர் செய்தே ஆகவேண்டிய வேலை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்வான், தான் செய்யாத வரைக்கும். கீழே தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் அம்மா மூக்கம்மாளிடமும் மற்ற பதினேழு வீட்டாரிடமும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற வேலை என்று சொல்லி வைத்திருந்தான். பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குக் கிளம்பும் முன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பான். அப்படியும் எதிரில் இருப்பவர் மூக்கைச் சொறிந்தால் போதும், இவனுக்கு முகம் செத்துவிடும்.

சர்டிபிகேட் இல்லாத ஆளை அடுத்த மாதத்திலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஐந்து நாள் பயிற்சி, கடைசி நாள் தேர்வு. அவரவர் நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வரவேண்டும் என்றும் தகவல் வந்திருந்தது.

சிக்கல் அங்கேதான். காற்று ஊதும் மோட்டார் எரிந்துபோய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஓண விடுமுறைக்கு அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. மேனேஜர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புது மோட்டார் வரும்வரை பக்கத்து வால்வைத் திறந்துவிடு என்றார். அதைத் திறந்தால் வந்தது வந்தபடியே ஓடைக்குப் போய்விடும். லோகேஷ் திறந்துவிட்டான். அதோடு நின்றானா? பதிவேட்டில் அந்தப் பதினோரு நாளுக்கும் எல்லா அளவும் சரியாக இருப்பதாக எழுதிக் கையெழுத்தும் போட்டான். வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து ஏழு நாளையும் சேர்த்து எழுதிப் பழகிய கை அது. ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்று நீலப் பேனாவையும் கறுப்புப் பேனாவையும் மாற்றி மாற்றி எடுக்கிற சாமர்த்தியமும் அதற்கு உண்டு.

மனசுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான். மழைக்காலம், ஓடை நிறையத் தண்ணீர், எல்லாம் அடித்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். லயத்துக்குக் குடிதண்ணீர் மேட்டு ஊற்றிலிருந்து குழாயில் வருவது. ஓடைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சாம்பிளையும் அந்தக் குழாயிலேயே பிடித்தான். ஊற்றுத் தண்ணீரைவிடச் சுத்தமாக எந்தப் பிளாண்ட் தண்ணீர் இருந்துவிடப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனவன், யாரும் பார்க்காத நேரமாகப் பாட்டிலை நிரப்பிப் பைக்குள் போட்டுக்கொண்டான். குழாயில் வழக்கத்தைவிட வேகமாகத் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பயிற்சி நடத்திய யோகப்பிரியா பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நாற்பது வயது இருக்கும். கசடு, கழிவு என்பதையெல்லாம் அவர் அரிசி பருப்பு மாதிரி சாதாரணமாகச் சொன்னார். திங்கட்கிழமை காலையில் பதினான்கு பேர் கொண்டுவந்த தண்ணீரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, மருந்து தடவிய தாள் இருந்த சின்னக் குப்பிகளில் ஊற்றி, பெயர் ஒட்டி அலமாரியில் வைத்தார். மலத்தில் இருக்கிற கிருமி தண்ணீரில் இருந்தால் இரண்டு நாளில் குப்பி கறுத்துவிடும் என்றார். லோகேஷ் நிம்மதியாக நோட்டில் எழுதிக்கொண்டான்.

புதன்கிழமை காலை அலமாரியைத் திறந்தார்கள். பதின்மூன்று குப்பிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒன்று மட்டும் கருப்பட்டிக் காப்பியாகக் கறுத்திருந்தது. அதில் ஒட்டியிருந்தது லோகேஷின் பெயர்.

அடிமாலியிலிருந்து வந்திருந்த ரிஜின் என்ற பையன், அண்ணன் நேரே தொட்டியிலிருந்தே கோரி வந்துவிட்டார் போல என்று மலையாளத்தில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். லோகேஷும் சிரித்து வைத்தான். காது இரண்டும் எரிந்தன. யோகப்பிரியா அவனை வெளி வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க லோகேஷ், குளோரின் தீர்ந்துபோச்சுங்களா? பயப்படாதீங்க. அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் பரீட்சைய எழுதுங்க. பத்து நாள்ல புதுத் தண்ணி அனுப்புனீங்கன்னா சர்டிபிகேட் வந்துருமுங்க."

தலையாட்டினான். காலை முழுவதும் பாடம் காதில் ஏறவில்லை. ஏழு வருடம் பார்த்த பிளாண்டின் மானம் பதின்மூன்று பேர் முன்னால் போய்விட்டதே என்று குமைந்துகொண்டிருந்தான். அவனுடைய பிளாண்ட் நன்றாக ஓடுகிற காலத்தில் இந்தக் குப்பி எத்தனை நாளானாலும் கறுக்காது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மதியம் சாப்பிட உட்கார்ந்து, ஜக்கிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போதுதான் அவனுக்கு உறைத்தது. கறுத்தது பிளாண்ட் தண்ணீர் அல்ல. அம்மா குடிக்கிற தண்ணீர். மூன்று மணி நேரம் அந்தக் குப்பியை மனசில் வைத்துப் புழுங்கியும் இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே என்று நினைத்தபோது, தன்னைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. கையைக்கூடக் கழுவாமல் வெளியே ஓடி அம்மாவுக்குப் போன் போட்டான். ஊற்றுத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டான்.

"ஊத்துக் குழாதான் மண்ணு சரிஞ்சு பேந்துருச்சே. ரெண்டு வாரமா ஓடையிலதான ஹோசப் போட்டுக் குழாயில சேத்துருக்கு. நீ வந்த காலோட ஓடிப்போற, ஒனக்கு யாரு சொல்லுவா?"

 எல்லோரையும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லும்மா, இப்போதே போய்ச் சொல் என்றான். ஏன் என்று கேட்டாள். மழைத் தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்றான். அதைக் கேட்டதும் மூக்கம்மாள் வேறு சேதி சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெரியமுத்துவின் மகளுக்கு மூன்று நாளாக வயிற்றால் போய், கண் செருகி, காலையில்தான் அடிமாலி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். நாலு வயதுப் பிள்ளை. கல்யாண வீட்டில் சாப்பிட்டது சேரவில்லை என்று பேசிக்கொள்கிறார்களாம்.

இவ்வளவும் கேட்ட பிறகு அவன் என்ன செய்தான் என்றால், திரும்பப் போய் வகுப்பில் உட்கார்ந்தான். அதுதான் கொதிக்கவைக்கச் சொல்லியாயிற்றே. இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை தேர்வை எழுதிவிட்டு, சர்டிபிகேட்டையும் வாங்கிவிட்டால் போதும், மற்றதைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம். இப்படி ஒரு மணி நேரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் அடிமாலியில் டாக்டர் பெரியமுத்துவிடம் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்பதும், அவன் கல்யாண வீட்டுச் சோற்றைச் சொல்வதும் கண்முன்னால் வந்து நின்றன. சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் பாலக்காட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே லோகேஷ் எழுந்து நின்றான்.

"மேடம், காலைல பாத்தது பிளாண்ட் தண்ணி இல்லைங்க. எங்க லயத்துல குடிக்கிற தண்ணி. பிளாண்ட்ட நான் பதினாலு நாளா தொறந்து விட்டுருக்கேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. யோகப்பிரியா சாக்பீஸை வைத்துவிட்டு, என்ன, எப்போதிருந்து, எந்த ஓடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. பெரியமுத்துவின் நம்பரை வாங்கி, அவன் மூலமாக டாக்டரிடம் பேசினார். பஞ்சாயத்துச் சுகாதார ஆளுக்குப் போன் போட்டு, ஹோஸைப் பிடுங்கவும் வால்வை மூடவும் சொன்னார். மேனேஜர் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளைத்தாளை லோகேஷ் முன் நகர்த்தி, பதிவேட்டில் எழுதிய பொய்கள் உட்பட எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். அவன் எழுதிக் கொடுத்தான். சர்டிபிகேட்டைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்கு மறுபடி போன் போட்டு உண்மையைச் சொன்னான். ஏழு வருட வேலையையும் சேர்த்துச் சொன்னான். மூக்கம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"கொதிக்க வையிங்கன்னு வீடு வீடாச் சொல்லிட்டேன். இத என் வாயால எப்படிச் சொல்லுவேன்? நீயே வந்து சொல்லு."

பொள்ளாச்சி, தேனி, போடிமெட்டு என்று பஸ் மாறி மாறி, விடிந்தபோது பூப்பாறையில் இறங்கி ஜீப் பிடித்தான். லயத்துக்குப் போனபோது பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரம். பெண்கள் கூடையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றார்கள். பெரியமுத்து அங்கே இல்லை. பிள்ளை கண் திறந்துவிட்டாள், இன்னும் டிரிப் ஏறுகிறது என்று யாரோ சொன்னார்கள். லோகேஷ் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"ரெண்டு வாரமா நீங்க குடிச்சது ரிசார்ட்டு கக்கூஸ் தண்ணி. வால்வத் தொறந்துவிட்டது நாந்தான். அங்க நான் பாக்குற வேலையே அதுதான்."

யாராவது அடிப்பார்கள் என்று நினைத்திருந்தான். அடித்திருந்தால் தேவலை.  முன்வரிசையில் நின்ற ஜானகியம்மாள் தன் பாட்டிலைத் திறந்து, தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். மூக்கம்மாளின் பேச்சைக் கேட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான், இனி அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. லோகேஷுக்கு அது தெரியும்.  அடுத்தவள் கவிழ்த்தாள், அதற்கடுத்தவளும் கவிழ்த்தாள். காலடி மண் சேறானது.

கடைசியாக மூக்கம்மாள் தன் பாட்டிலைத் திறந்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டு, மூடியைத் திருகிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, மகன் நின்ற பக்கம் திரும்பாமல் மேட்டுக்கு ஏறினாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். அன்றைக்குப் பொழுது சாயும்வரை அவர்கள் தண்ணீர் இல்லாமல்தான் கொழுந்து எடுத்தார்கள்.