அரை மணிக்கொரு கையெழுத்து

கணவரைத் தொடுவதற்கு முன் மாடத்தி கட்டிலின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை ஊன்றி, மூன்று எண்ணும்வரை நின்றாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் அறைக்குள் நுழையுமுன், வாசலில் பதித்திருக்கும் தாமிரத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டே காலெடுத்து வைக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு வந்தும் விடவில்லை.

"என்னக்கா, கட்டிலையும் கும்பிடுறீகளா?" என்று சிரித்தாள் நர்ஸ் அனுப்பிரியா.

அன்று காலையில்தான் தங்கச்சாமியின் குடலிலிருந்து கட்டியை வெட்டியெடுத்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்த டாக்டர் சீனிவாசகம் பொறுமையாகவே விளக்கினார். குடலைத் திறந்தால் கிருமி வெளியே வரும். இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் உடம்பு அக்கிருமியை எதிர்த்து நிற்கும். அதற்காகவே ஆபரேஷனின்போது அதைக் கூட்டிக் கொடுத்தார்கள். மாலை நான்கு மணிவரை முகமூடி கழலக் கூடாது.

"புண்ணு சீழ் பிடிச்சா ஆள் தேறுறது கஷ்டம்மா. பார்த்துக்கோங்க."

பார்த்துக்கொள்ளத்தான் அவள் இருந்தாள். ஆனால், ஆக்சிஜன் என்ற சொல் அவளுக்குப் புதிதன்று. கம்பெனியின் பாதுகாப்பு வகுப்பில் போர்மேன் காசிராஜன் ஆண்டுதோறும் சொல்வார்: "வெடியுப்புக்குள்ள இருக்க ஆக்சிஜன்தாம்மா நெருப்புக்கு மூச்சு." அந்த மூச்சில்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் தங்கை வேல்விழி, வளையலை வைத்துக்கூட அடையாளம் காட்ட முடியாதபடி எரிந்துபோனாள்.

இரண்டரை மணி இருக்கும். தங்கச்சாமிக்குக் குளிர் நடுக்கம் கண்டது. பக்கத்துக் கட்டிலின் காரியாபட்டிக்காரர்கள் இரவல் கொடுத்த நைலான் கம்பளியை மாடத்தி உதறிப் போர்த்தினாள். திரை இழுத்திருந்த அரையிருட்டில், முகமூடிக்கு ஒரு சாண் தள்ளி, சடசடத்து ஒரு நீலப்பொறி தெறித்தது.

மருந்து அறையில் பொறியைக் கண்டால் ஓட வேண்டும். நின்று யோசித்தவர் வெளியே வந்ததில்லை. மாடத்தி ஓடவில்லை. சிலிண்டரின் திருகை இறுக மூடினாள். முகமூடியைக் கழற்றினாள். கம்பளியைச் சுருட்டி வெளியே எறிந்தாள். அதற்குப் பிறகே நர்ஸைத் தேடி ஓடினாள். மேசையில் ஆளில்லை.

"சாப்பிடப் போயிருப்பாக. நீங்க இங்கன நின்னு கத்துனா சோறு சீக்கிரம் எறங்கிருமாக்கும்? போய் உக்காருங்க" என்றார் காவலாளி ஊர்க்காவலன்.

உட்கார்ந்தாள். திருகைத் திரும்பத் திறக்க மட்டும் கை வரவில்லை. நான்கு மணிக்கு அனுப்பிரியா வந்தாள்; கழன்றிருந்த முகமூடியைப் பார்த்தாள். "சரியா நேரத்துக்குக் கழட்டிட்டீகளே!" என்று சிலிண்டரை உருட்டிக்கொண்டு, மாடத்தி வாய் திறக்குமுன் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் தையல் சிவந்து வீங்கிற்று. ஆறாம் நாள் சீழ் துணியை நனைத்தது. காய்ச்சலில் தங்கச்சாமி முனகினார்: "ஏ புள்ள, அவுக சொன்னபடிதான எல்லாம் செஞ்சோம்?"

மாடத்தி டாக்டரிடம் போனாள். "சார், அந்தக் காத்தை நாந்தான் அடைச்சேன். ரெண்டரையில இருந்து நாலு வரைக்கும்."

சீனிவாசகம் கோப்பைப் புரட்டினார். "இல்லையேம்மா. அரை மணிக்கொரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. மூணு, மூணரை, நாலு. ஓடியிருக்கு."

"ஓடலை சார். ஒருத்தரும் வரலை. இந்தக் கையாலதான் அடைச்சேன்."

அவர் பக்கத்தில் நின்ற அனுப்பிரியாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கோப்பு மூடப்பட்டது.

"பாருங்கம்மா. ஆக்சிஜனைக் கூட்டிக் குடுத்தா சீழ் குறையும்னு சில ஆராய்ச்சி சொல்லுது. ஒரு வித்தியாசமும் இல்லைன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. மருந்து மாத்தியிருக்காங்க, பார்ப்போம். இதைப் போய் வெளியில சொல்லிக்கிட்டு இருக்காதீங்க."

"அப்ப என்னாலயா, இல்லையா சார்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

யாராலும் சொல்ல முடியாததை எழுத மட்டும் முடிந்திருக்கிறது. வேல்விழி இறந்த அன்றும் கம்பெனிப் பதிவேடு ஒழுங்காகவே இருந்தது. தாமிரத் தகடு சோதிக்கப்பட்டதாக அன்று காலையிலும் கையெழுத்து. தகட்டிலிருந்து மண்ணுக்குப் போகும் கம்பி அறுந்து ஒரு மாதமானதை அந்த அறையில் வேலை செய்த அத்தனை பேரும் அறிவார்கள், அறிந்தே தொட்டார்கள். விசாரணை முடிவில் எழுதியது ஒரே வரி: தொழிலாளியின் கவனக்குறைவு. குற்றமில்லாதவள்மீது அன்று குற்றத்தை எழுதினார்கள். இன்று ஒருத்தி தன் குற்றத்தைத் தானே சுமந்து வந்து நீட்டுகிறாள். அதை எழுத ஏட்டில் இடமில்லை.

வார்டுக்குத் திரும்பியபோது புண்ணைக் கழுவிக் கட்டி முடித்திருந்தார்கள். தங்கச்சாமி கண்ணைத் திறக்காமலே விரல்களை நீட்டினார். "வந்துட்டியா? கையக் குடு."

மாடத்தி பழக்கப்படி இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை ஊன்றினாள். ஒன்று. இரண்டு. குனிந்த கண்ணுக்கு அப்போதுதான் தெரிந்தது: கட்டிலின் நான்கு கால்களுக்கும் ரப்பர்ச் சக்கரங்கள். இந்த ஆறு நாளும் அவள் இறக்கிய எதுவும் மண்ணைச் சேர்ந்திருக்கவில்லை.

அவருடைய விரல்கள் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன. அவள் சட்டத்திலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.