பத்தொன்பதாவது அலகு

மருதமுனை ஸிராஜிடம் ஆறு மல்டி டூல்கள் இருந்தன. மடித்தால் பொக்கெற்றுக்குள் போகும், விரித்தால் கத்தி, குறடு, கத்தரிக்கோல் என்று பலவாகும் அந்தச் சாமான்களை அவர் வெளிநாடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்திருந்தார். ஆறிலும் அவருக்குத் திருப்தியில்லை.

அவர் வீதிகளை அளக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீட்டில் குழாய் ஒழுகினாலும் கேஸ் அடுப்பு அடைத்துக்கொண்டாலும் சரிசெய்வது மனைவி முஸ்பிறாதான். அதற்கு அவள் பாவிப்பது ஒரு பழைய மேசைக்கத்தியும் ஓர் ஊக்கும். அந்த நேரத்தில் ஸிராஜ் மாடியில் இருந்து, பனிக்காட்டில் தனியே கூடாரமடிக்கும் வெள்ளைக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். குளிரில் விறைத்த கையால் கத்தியை எப்படித் திறப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மருதமுனையில் கை வியர்க்கும் என்பதை எந்த வீடியோவும் சொல்லவில்லை.

கல்முனையில் புத்தாக்கக் கண்காட்சி ஒன்று நடக்கப்போவதாக அறிவித்தல் வந்தது. உலகத்துக்கே குறையாயிருந்த அந்தக் கருவியைத் தானே வடிவமைப்பது என்று ஸிராஜ் முடிவெடுத்தார். 'கைத்துணை' என்று பெயர் வைத்தார். அதை எழுதிய கொப்பியின் முதல் பக்கத்தைச் சுற்றி ஒரு கரையும் கீறினார்.

பிறகு அந்தக் கொப்பியோடு ஊர் ஊராகப் போனார். பாலமுனைத் தோணிக்காரர்கள் வலை பொத்தும் ஊசி வேண்டும் என்றார்கள். போன் கடை ஸப்ரி, சிம் கழற்றும் ஊசி இல்லாவிட்டால் அது கருவியே இல்லை என்றார். லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் வைத்திருக்கும் மச்சான் சீனிமுகம்மது பிளக் கழற்றும் சாவி கேட்டார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் திசைகாட்டி கேட்டார். ஸிராஜ் எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டு எழுதிக்கொண்டார். ஆருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

முஸ்பிறாவிடம் அவர் கேட்கவில்லை. அவளாகவே கேட்டாள்.

"ஒரு கையால திறக்க ஏலுமா இத?"

"என்னத்துக்கு ஒரு கை?"

"பைப் வெடிச்சா ஒரு கையால அதப் பொத்திப் பிடிச்சிற்றுத்தானே மத்தக் கையால சாமான் எடுக்கிற."

"நீ குசினிய வெச்சிக் கதைக்கிறா. இது வெளி வேலைக்கு."

அவள் உலை கொதிக்கிறதென்று போய்விட்டாள். கொப்பியில் அதற்கு இலக்கம் விழவில்லை.

பத்தொன்பதாம் இலக்கத்தை மட்டும் ஆரும் கேட்கவில்லை. அது பன்றி வால் போலச் சுருண்ட ஒரு கம்பி. அவரிடமிருந்த ஆறு டூல்களில் ஐந்தில் அது இருந்தது. வீடியோக்காரர்கள் அதன் ஆங்கிலப் பெயரை வேகமாகச் சொல்லி, ஏனோ சிரித்து, தாண்டிப் போனார்கள். ஐந்து கம்பெனிக்காரன் காரணமில்லாமல் வைப்பானா என்று ஸிராஜ் யோசித்தார். இறுகிய கயிற்று முடிச்சைக் குத்தி அவிழ்க்கத்தான் அது என்று அவரே முடிவுசெய்து, 'முடிச்சு நீக்கி' என்று எழுதினார்.

பாண்டிருப்பில் லேத் பட்டறை வைத்திருக்கும் கனகரெத்தினம் வரைபடத்தைப் பார்த்தார்.

"இருபத்திமூண்டு சாமான். பொக்கெற்றுக்குள்ள போகாது, சேர்."

"பெல்ட்டில மாட்டலாம்."

"நம்மட பக்கத்து ஆக்கள் சாரன்தானே உடுக்கிற."

ஸிராஜ் அதை யோசிக்கவில்லை. பிறகு பார்ப்போம் என்றார். கனகரெத்தினத்தின் விரல் பத்தொன்பதாம் இலக்கத்தில் போய் நின்றது.

"இது என்னத்துக்கெண்டு தெரியுமா, சேர்?"

"இறுகின முடிச்சு அவிழ்க்க."

கனகரெத்தினம் ஆறு வருடங்கள் பாசிக்குடாவில் ஒரு சுற்றுலா ஹோட்டலில் இயந்திரங்கள் பார்த்தவர். ஸிராஜின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, சேர்," என்றார்.

ஒரு மாதத்தில் கைத்துணை பிறந்தது. முக்கால் கிலோவுக்கு மேலே இருந்தது. பளபளவென்று, பார்க்க மிக அழகாயிருந்தது. கத்தரிக்கோலைத் திறப்பதானால் முதலில் மீன் செதில் சுரண்டியையும் கரண்டியையும் திறக்க வேண்டும். குறடு விரிய வேண்டுமானால் கரண்டியைத் திரும்ப மடிக்க வேண்டும். ஸிராஜ் மூன்று முறை விரலை வெட்டிக்கொண்டு, புதுச் சாமான் அப்படித்தான் என்றார். சாரனில் செருகிக்கொண்டு கல்முனைச் சந்தைக்குப் போய், பாரைக்குட்டி மீனுக்கு விலை கேட்கக் குனிந்தபோது கருவி கீழே போனது. சாரனும் கூடப் போகப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே விளக்கக் குறிப்பில் 'காற்சட்டை அணிவோருக்கு உகந்தது' என்று ஒரு வரி சேர்ந்தது.

கண்காட்சிக்குப் பிரதம அதிதியாகத் திருகோணமலையிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தர் வந்தார். திறப்பு விழா ரிப்பனைக் கைத்துணையாலேயே வெட்டுவிப்பது என்பது ஏற்பாட்டாளர்களின் யோசனை. ஸிராஜ் அதைக் கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதிதி ஒரு கையில் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கருவியை வாங்கினார். ஒரு கையால் திறக்க முடியவில்லை. ரிப்பனை விட்டார். முதலில் பிளக் சாவி வந்தது. பிறகு வலை ஊசி. பிறகு செதில் சுரண்டி. கமராக்காரர்கள் காத்திருந்தார்கள். அதிதியின் நெற்றியிலிருந்து வியர்வை கருவியில் சொட்டியது. அவர் நகத்தைக் கொடுத்து இழுத்தார். சுருள்கம்பி வெளியே வந்தது.

அதைக் கண்டதும் அதிதியின் முகம் மலர்ந்தது. பழைய நண்பனைச் சந்தியில் கண்டவர் போல அவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் துஆ ஓதிவிட்டு நின்றிருந்த மௌலவியைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"இது என்ன சாமான்?" என்று மௌலவி சாதாரணமாகத்தான் கேட்டார்.

முன்வரிசையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஸிராஜ் முடிச்சு என்று தொடங்குமுன் அதிதி முந்திக்கொண்டார்.

"இது நெல்லுக்கு, ஹஸ்ரத். மூட்டையக் குத்தி மாதிரிக்கு நெல்லு எடுத்துப் பாக்கிற."

"மாஷா அல்லாஹ்," என்றார் மௌலவி.

முன்வரிசை முழுவதும் தலையாட்டியது. சிலர் தேவைக்கு அதிகமாகவே ஆட்டினார்கள். கத்தரிக்கோல் கடைசிவரை வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து முஸ்பிறா எழுந்து வந்து, ரிப்பனின் முடிச்சை விரலால் அவிழ்த்துவிட்டுப் போய்த் தன் கதிரையில் இருந்தாள். கண்காட்சி திறந்தது. கைத்துணைக்கு முதற்பரிசு கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கேடயத்தை எங்கே வைப்பது என்று ஸிராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கையில், முஸ்பிறா தன் போனை நீட்டினாள். திரையில் ஒரு வைன் போத்தல். அதன் வாயில் பத்தொன்பதாம் இலக்கம் ஏறியிருந்தது.

ஸிராஜ் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஊரில எத்தின பேருக்கு இது தெரிஞ்சிரிக்கும்?"

"அதிதிக்குத் தெரிஞ்சிரிக்கி. எப்பிடித் தெரிஞ்சதெண்டு நீங்க கேக்க ஏலா. அவரும் சொல்ல ஏலா."

அவருக்கு உண்மையிலேயே வெட்கமாயிருந்தது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டுக்கூடத் தொடாதவர்; பள்ளிவாசல் திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே அந்தக் கம்பியைப் பொருத்துவித்திருந்தார். காலையில் கனகரெத்தினத்திடம் போனார்.

"நீங்களாவது சொல்லியிரிக்கலாமே."

"கேட்டனே, சேர். நீங்க முடிச்செண்டு சொன்னீங்க. படிச்ச ஆள் சொல்லக்குள்ள நான் என்னத்தக் கதைக்கிற."

பரிசைத் திருப்பிக் கொடுப்பதென்று தீர்மானித்து, ஸிராஜ் அதிதிக்கு போன் எடுத்தார்.

"சேர், அந்தப் பத்தொம்பதாவது அலகு நெல்லுக்கில்ல..."

"நெல்லுக்கெண்டு மேடையில சொல்லியாச்சி," என்றார் அதிதி. "எனக்குத் தெரிஞ்சது அதுதான். வேறென்னத்துக்காவது எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

ஸிராஜ் யோசித்தார். தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். மனைவி காட்டினாள் என்றால் அவளுக்கு எப்படித் தெரியும் என்று வரும்.

"தெரியா, சேர்."

"நல்லம். விவசாயிகளுக்குச் செஞ்சி காட்ட ஒரு நாள் ஒழுங்குபண்ணுவம்."

அந்த நாள் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை முற்றத்தில் வந்தது. சுமார் நாற்பது விவசாயிகள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். முன்னால் நெல் மூட்டைகள். ஸிராஜ் காற்சட்டை போட்டுப் போயிருந்தார். எல்லாரும் பார்த்திருக்க, சுருள்கம்பியை முதல் மூட்டையில் திருகி இறக்கினார். இழுத்தார். கம்பியில் மூன்று நெல் ஒட்டியிருந்தது.

முன்வரிசையில் இருந்த பெரிய வயற்காரர் ஆதம்பாவா போடியார் எழும்பி வந்து, மூன்றையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"மூண்டு," என்றார். "சரி. மாதிரிக்கு மூண்டு போதும்."

ஆரும் சிரிக்கவில்லை. அதுதான் ஸிராஜுக்குத் தாங்கமுடியாமல் போனது. போடியாரின் பக்கம் சாய்ந்து, அண்ணன் முறை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"காக்கா, இது நெல்லுக்கில்ல. போத்தல் திறக்கிற சாமான். எனக்குத் தெரியாமப் போயிற்று."

சொன்னதும் நெஞ்சு இலேசானது. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றார். போடியார் நெல்லை மூட்டைக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

"தெரியும், தம்பி. சைப்ரஸில நாலு வருசம் ஹோட்டல்ல கோப்பை கழுவின நான். எனக்குப் பின்னால இரிக்கிறவரு பத்து வருசம் கப்பல்ல நிண்டவரு. பேசாம மத்த மூட்டையையும் குத்துங்க. போட்டோ எடுக்கிற பொடியன் அங்க வெயிலுக்குள்ள நிக்கிறான்."

ஸிராஜ் இரண்டாவது மூட்டையைக் குத்தினார். இந்த முறை இரண்டு நெல் வந்தது. போட்டோக்காரர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் தூக்கிப் பிடித்தார். நாற்பது பேரும் கைதட்டினார்கள்.