முயலுக்குக் கொடுத்த எழுபத்தைந்து ரூபாய்

1

இந்தக் கதை எனக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகிற டவுன் பஸ்ஸில் கிடைத்தது. எண்பத்தொன்றாம் வருஷம். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கேட்டாள்: "ஓவர்டைம் காசும் சம்பளந்தானேடி? புள்ளைக்குக் குடுக்குறப்ப மட்டும் அது எப்படி சம்பளம் இல்லாமப் போகும்?" மற்றவள் பதில் சொல்வதற்குள் சத்திரம் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் என்னோடு ஜங்ஷன் வரை வந்தது. மீதியை நானே இட்டுக்கட்டப்போகிறேன்.

2

காவிரியில் புதுவெள்ளம் வந்த அன்று ரோசரி கோர்ட்டுக்குப்

(வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பதால் எந்தக் கதைக்கும் காவிரியை இழுத்துவருவது என் வியாதி. ஜீவனாம்ச வழக்குக்கு வெள்ளம் எதற்கு?)

இன்னாசிராஜ் தினமும் குடித்துவிட்டு வந்து

இங்கே ரோசரியே குறுக்கிட்டாள். "அவரு குடிக்க மாட்டாருங்க. சும்மா எழுதாதீங்க. கணக்குலதான் பொய் சொல்லுவாரு." அப்படியானால் ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்கு?" என்றாள். நியாயம்தான். விட்டுவிட்டேன்.

எனவே இப்படித் தொடங்குகிறேன். ரோசரி பாலக்கரையில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறாள். அவள் கணவன் இன்னாசிராஜ் கைலாசபுரத்தில் குடியிருக்கும் வெல்டர். பிரிந்து ஒரு வருஷம் ஆகிறது. மகள் ஜெசிந்தாவுக்கு ஆறு வயது, அம்மாவோடு இருக்கிறாள். குழந்தைக்கு மாதம் நூற்றைம்பது கேட்டு ரோசரி மனு போட்டிருக்கிறாள். அவன் அறுபது தருகிறேன் என்கிறான். அறுபதை வைத்துக்கொண்டு வாடகையும் ஃபீஸும் கட்ட முடியாது. குழந்தையைக் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் சேர்க்க வேண்டியதுதான். ரோசரிக்கு அந்த நினைப்பு வந்தாலே தையல் கோணிக்கொண்டு போகிறது.

3

வக்கீல் முஜிபுர் ரஹ்மான் உற்சாகமான மனுஷர். அவர் பேசினால் வழக்கு பாதி ஜெயித்த மாதிரி இருக்கும்.

"கையில முந்நூறுதான் வருதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. கையில வர்றதையா கோர்ட்டு பாக்கும்? பி.எஃப். புடிக்கிறாங்க, அது கட்டாயம், கழியட்டும். சொசைட்டியில கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுத்தாரே, அது அவரா வாங்குனது. அதைப் புள்ளை தலையில கழிக்க முடியாது."

"ஓவர்டைம் சார்?"

"மாசாமாசம் வந்தா வருமானம். எப்பவோ ஒருதடவை வந்தா மழை."

"நான் மனு போட்ட மாசத்துலேர்ந்து அவரு ஓவர்டைமே பாக்கறதில்லையாம்."

"பாத்தீங்களா, புத்திசாலி!" வக்கீல் எதிராளியை மனதாரப் பாராட்டினார்.

"என் தையல் காசு?"

"உங்களுக்குன்னு கேட்டா அதைப் பேசுவாங்க. நீங்க புள்ளைக்குத்தானே கேக்கறீங்க? தகப்பன் பொறுப்பு தகப்பனுக்குத்தான். வேற எங்கயாவது அவருக்குக் காசு வருதான்னு தெரிஞ்சா சொல்லுங்கம்மா. இன்ஷா அல்லாஹ், நூத்தம்பதுக்குக் கொறையாது."

ரோசரிக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

4

அன்று மாதா கோயில் திருநாள். பூசை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை மைக்கில் ஏலம் விட்டார்கள். வாழைத்தார், பூசணிக்காய், சேவல். இந்த ஏலத்தில் யாரும் நியாய விலை பார்ப்பதில்லை. கையில் காசும் தேவையில்லை. ஏலம் எடுத்தவர் அடுத்த திருநாளுக்குள் கட்டினால் போதும். ஆகவே இங்கே பெரிய தொகை கேட்கிறவனுக்குப் பெரிய வருமானம் இருப்பதாக எந்தக் கோர்ட்டும் முடிவுகட்ட முடியாது. (இன்னாசிராஜின் வக்கீலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.)

ஒரு வெள்ளை முயல் வந்தது. "அப்பா, முயலு!" என்று ஜெசிந்தா கத்தினாள். கூட்டத்தின் மறுபக்கம் நின்ற இன்னாசிராஜ் நிமிர்ந்தான். பதினைந்து பெறாத முயல். மரக்கடை தைரியராஜ் எழுபது வரைக்கும் விடவில்லை. இவன் எழுபத்தைந்து என்றான். மைக்கில் அவன் பெயரைச் சொன்னபோது ஜெசிந்தா குதித்த குதிப்பில் ரோசரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அங்கேயே அவன் கடன் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மகள் பார்க்கிறாளே என்று சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தான். இந்தப் பக்கம் வந்து முயலை அவள் கையில் வைத்தான்.

"ஏதுப்பா இவ்ளோ காசு?"

"அப்பா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை திருவெள்ளறைக்கு வெல்டிங் வேலைக்குப் போறேன்ல. பம்ப்செட்டு, கலப்பை எல்லாம். அந்தக் காசு கண்ணு."

ரோசரி பக்கத்தில்தான் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். சொன்ன பிறகுதான் யார் காதில் விழுந்ததென்று அவனுக்கு உறைத்தது.

(ரசீது கிடையாது. விவசாயிகள் யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். வாரம் தவறாமல் வருகிற காசு, வக்கீல் கணக்குப்படி சந்தேகமில்லாத வருமானம். ரோசரி சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.)

5

முதல் முடிவு: ரோசரி சொல்லிவிடுகிறாள். நூற்றைம்பது கிடைக்கிறது. குழந்தை அவளோடு இருக்கிறது. அடுத்த திருநாளில் இன்னாசிராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். மகள் எதைக் கேட்டாலும் "அப்பாகிட்ட காசு இல்லம்மா" என்கிறான்.

இரண்டாவது முடிவு: சொல்லவில்லை. அறுபது. ஜெசிந்தா விடுதிக்குப் போகிறாள். அங்கே முயல் வளர்க்க

இரண்டையும் ரோசரியிடம் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். "நூத்தம்பது எம்புள்ளைக்கு சேர வேண்டியதுங்க. ஆனா அந்தாளு பயமில்லாம பேசறது அவகிட்ட மட்டுந்தான். அதையும் நான் புடுங்கிட்டா?" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீங்க எழுதறதை எழுதுங்க. ஏதாவது வழி இருக்கும்ல?" என்றாள்.

நானும் தேடினேன். கோர்ட்டில் இன்னாசிராஜே எழுந்து ஒப்புக்கொள்வதாக எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடித்துவிட்டேன்.

6

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்: "சம்பளம் தவிர இவருக்கு வேற வருமானம் இருக்காம்மா? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

முஜிபுர் ரஹ்மான் ஆவலோடு பார்க்கிறார். இன்னாசிராஜ் கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தலை குனிந்து நிற்கிறான். ரோசரி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் இடத்தில் நீங்கள் நின்று பதில் சொல்லுங்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் சரி, "அப்பாவப் பத்தி என்னம்மா சொன்ன?" என்று சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து ஜெசிந்தா கேட்பாள். அவளுக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.