மீன்கொத்திக்கு ஒரு நன்றிச் செய்தி

தொடர்பியல், பாலினம், தொழில்நுட்பம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்வதாகச் சொல்லிக்கொண்ட அந்த வளமையத்தில் கூரை ஒழுகியது. மழை வந்தால் பாலினப் புத்தக அலமாரிக்கு மட்டும் தார்ப்பாய் போர்த்துவார்கள். நூலகருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. புத்தகம் தேடி அங்கே யார் வந்தார்கள்? வருகிற ஓரிருவரும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

புது இயக்குநர் அம்மையார் வந்துதான் மையத்தை உலுக்கி எழுப்பினார். கணவனோ அண்ணனோ கைபேசியைப் பிடுங்கிப் பார்க்கும் வீடுகளில் இருக்கும் பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, இணையத்தில் ஒரு குரல் காப்பகம் வைப்பது அவர் திட்டம். குரலைக் கொஞ்சம் மாற்றிவிடலாமே என்று கணினிக்காரர் மெல்லச் சொன்னார். அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி கழன்றால் ஒரு பொன்மொழி வரப்போகிறது என்பது மையத்தில் எல்லாருக்கும் தெரியும். குரலை மறைப்பதும் வன்முறைதான் என்றார். கணினிக்காரருக்கு ஒரு வேலை மிச்சம், பலமாகத் தலையாட்டினார். ஊர், பேர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஆளுக்கொரு பறவையின் பெயர் வைப்பதென்று முடிவாயிற்று.

நூலகரின் அக்கா அப்படித்தான் மீன்கொத்தி ஆனாள்.

அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். அவள் புருஷன் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவள் கைபேசிக்குக் கை நீட்டுவான். யார் கூப்பிட்டது, எவ்வளவு நேரம், அழித்தது என்ன என்று விசாரணை நடக்கும். பதில் பிடிக்காவிட்டால் விசாரணை கைக்கு வந்துவிடும். பதிவில் அதையெல்லாம் சொன்ன அக்கா, இன்னொன்றும் சொன்னாள். மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறாள். வேறொரு ஊரில் தையல் வேலைக்குப் பேசி வைத்திருக்கிறாள்.

"இதை ஏன்க்கா சொன்ன?" என்று நூலகர் கேட்டதற்கு அக்கா சிரித்தாள்.

"வெளிய வர்றதுக்குள்ள நான் போயிருப்பேன்டி. அப்புறம் எவன் கேட்டா என்ன?"

ஆனால் சிறப்பு விருந்தினருக்கு வேறு தேதி ஒத்துவரவில்லை. விழா பரீட்சைக்கு முன்னால் வந்து நின்றது. மீன்கொத்தியை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாமா என்று நூலகர் கேட்டுப் பார்த்தார். அதுதான் காப்பகத்தின் கிரீடம் என்றார் அம்மையார். நூலகரும் விட்டுவிட்டார். நம் அலமாரியையே எவனும் எட்டிப் பார்ப்பதில்லை, நம் இணையதளத்தையா அவன் தேடிப் போகப் போகிறான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அதன்பின் நன்றிச் செய்தி எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. விழா மேடையில் விருந்தினர் ஒரு பொத்தானை அழுத்தியதும், குரல் கொடுத்த பெண்கள் எல்லாருடைய கைபேசிக்கும் அது பறக்க வேண்டுமாம். நூலகர் அடித்து அடித்து எழுதினார். கடைசியில் வந்தது இது: 'உங்கள் குரலை இனி உலகம் கேட்கும். உங்கள் பதிவைக் கேட்க இங்கே தொடவும்.' அம்மையார் முதல்முறையாக அவரைப் பாராட்டினார். நூலகருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விழாவில் விருந்தினர் பெண்களின் மௌனத்தைப் பற்றி, யாரையும் பேசவிடாமல், வெகுநேரம் பேசினார். பிறகு பொத்தானை அழுத்தினார். பெரிய திரையில் பறவைகள் வரிசையாக வந்தன. யாராவது ஒரு பதிவைத் திறந்தால் அந்தப் பறவை ஒளிரும் என்று கணினிக்காரர் விளக்கினார்.

முதலில் ஒளிர்ந்தது மீன்கொத்தி. அரங்கம் கைதட்டியது.

நூலகரும் இரண்டு தட்டு தட்டிவிட்டார். மூன்றாவது தட்டுக்குக் கை எழவில்லை. இன்று விடுமுறை. அவன் வீட்டில் இருப்பான். அவன் வீட்டில் இருந்தால் கைபேசி யார் கையில் இருக்கும் என்று இந்த அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அதைப் பற்றித்தான் இத்தனை மாதமாக ஆராய்ந்தார்கள்.

வெளியே ஓடி அக்காவின் எண்ணுக்கு அடித்தார். உடனே எடுத்தார்கள். பின்னணியில் அக்காவின் குரலே சரளமாகப் பேசிக்கொண்டிருந்தது, பதிவில்.

"என்னம்மா," என்றான் அக்கா புருஷன், நிதானமாக. "உங்க அக்கா இவ்வளவு நல்லாப் பேசுவான்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே. கொஞ்சம் இரு, முழுசாக் கேட்டுட்டு வர்றேன்."

நூலகர் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருக்காரர்கள் கதவை உடைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மையார் ஆப்பிள்களோடு வந்தார். தாடை கட்டியவளுக்கு ஆப்பிள். எதிர்பாராத விளைவு என்றார். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிப் பார்த்தார். பதிவை இணையத்திலிருந்து நேற்றே நீக்கிவிட்டோம் என்றார். நூலகர் பதில் சொல்ல வாயைத் திறந்தால், தான் எழுதிய வாக்கியம்தான் நாக்கில் வந்து நின்றது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். கைப்பையிலிருந்து பதிவுக்கருவியை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பேச வேணாம்மா. உன் மௌனமும் ஒரு தரவுதான்."

அக்கா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நீட்டி, பொத்தானைத் தேடி, அணைத்தாள். அணைத்த கையை எடுத்துக்கொள்ளவில்லை. தங்கையை ஒரு தடவை பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.