குழிராஜாவின் கட்டைவிரல்

அண்ணனுக்கு என் கடையில் வேலை கிடையாது என்று சொல்வதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கிடங்கை மூடிவிட்டார்கள். என் செல்போன் ரிப்பேர் கடைக்கும் ஓர் ஆள் தேவைதான். அண்ணி போனில் கேட்டபோது "நேர்ல வந்து பேசறேன் அண்ணி" என்று நழுவியிருந்தேன். கடுகத்தனை திருகாணியைப் பிடித்துப் பூட்டுகிற வேலை அது. அண்ணன் கை அதற்குச் சரிப்படாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

காரணம், சின்ன வயதில் நாங்கள் ஆடிய வீடியோ கேம். இரண்டு பேருக்கும் ஒரே ரிமோட். செத்தால் அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். திரையில் ஒரு கரடிக்குட்டி ஓடும். குழி வந்தால் பட்டனை அமுக்கித் தாண்ட வைக்க வேண்டும். அண்ணன் முதல் குழியிலேயே பொத்தென்று விழுவான். "அச்சச்சோ, போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ரிமோட்டை என் மடியில் போடுவான். அப்புறம் சாயங்காலம் முழுக்க என் ராஜ்ஜியம். குழிராஜா என்று அவனுக்குப் பெயர் வைத்ததே நான்தான். அவன் கையிலிருந்து டம்ளர் நழுவினால்கூட அப்பா "வந்துட்டான்யா குழிராஜா" என்பார்.

நான் போனபோது அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியைத்தான் துடைத்து டிவியில் மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், உட்கார முடியாமல் குதித்துக்கொண்டிருந்தாள். "வேலவெட்டி இல்லாதவன் வேற என்னடா பண்ணுவான்?" என்று சிரித்தான். அண்ணி டீயை வைத்துவிட்டுப் போகாமல் கதவோரம் நின்றாள். பதிலுக்காகத்தான் நிற்கிறாள் என்று புரிந்தது. கேலியோடு கேலியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தேன். எனக்கு அதுதான் சுலபம்.

"இது நுணுக்கமான வேலண்ணா. உன் கையப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு பட்டன ஒழுங்கா அமுக்கத் தெரியாம எத்தன கரடியக் கொன்னிருக்க! கஸ்டமர் போனும் குழிக்குள்ளதான் போகும்."

அண்ணன் சிரித்தான். "அதுவும் சரிதான்டா."

அண்ணி சிரிக்கவில்லை. "அவரு கத்துக்குவாரு தம்பி..." என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காயப்போட்ட துணியை எடுக்க வரச்சொல்லி மகளையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் எடுத்தான். நான் பின்னால் இருப்பதையே மறந்துவிட்டான் போல. கரடிக்குட்டி முதல் குழியைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. நகரும் பலகைகள் வந்தன. நான் எத்தனையோ தடவை செத்த இடம் அது. அண்ணனின் கட்டைவிரல் லேசாக, அலட்டிக்கொள்ளாமல் தொட்டுத் தொட்டு எழுந்தது. பலகைகளுக்கு அப்பால் ஒரு பனிமலை இருந்தது. அப்படி ஒரு மலை இந்த விளையாட்டில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

துணிமூட்டையோடு மகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. சட்டென்று ஆட்டத்தை முதலிலிருந்து போட்டான். அவள் வந்து முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் குழி வந்தது. அண்ணனின் கட்டைவிரல் பட்டனை விட்டு மெல்ல விலகியது.

"அச்சச்சோ, போச்சே!"

"அய்யே, உனக்கு வெளையாடவே தெரியலப்பா!" என்று அவள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அண்ணனைப் பார்க்கக் கூசியது. 'பார்த்தேன்ணா' என்று இப்போது சொன்னால் மகளுக்கு முன்னால் அவன் விளையாட்டைக் கெடுத்ததாகும். சொல்லாமல் எழுந்து போனால், அந்தக் கைக்கு நான் கொடுத்த பதில் அப்படியே நிற்கும். இந்த வீட்டில் இன்னும் எத்தனை மாதம் அடுப்பு எரியும் என்று நான் யோசித்துக்கூடப் பார்க்காமல் வந்திருந்தேன்.

"நான் செத்துட்டேன். சித்தப்பா, உங்க டர்ன்!" என்று மகள் ரிமோட்டை என் மடியில் போட்டாள். அண்ணி மறுபடி கதவோரம் வந்து, துணி மடிக்கிற சாக்கில் நின்றாள்.

கரடிக்குட்டியை ஓட்டிக்கொண்டு போய் முதல் குழியின் விளிம்பில் நிறுத்தினேன்.

"குதிங்க சித்தப்பா!"

கரடி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.