நாற்பது தினங்களைக் கொண்டாடிய சனிக்கிழமை

அடுத்தவர் சமாசாரத்தில் மூக்கை நுழைக்கும் வழக்கம் எனக்கு இல்லை. என் சமையலறை ஜன்னல் சமூக நலக் கிளை அலுவலகத்தின் கூடத்தை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு வீட்டைக் கட்டியவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த அலுவலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அதிகாரி. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அவரோ ஓய்வை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டிருந்தார். இன்னொருவர் குமாஸ்தா. விண்ணப்பம் வாங்குவது, கோப்பு தேடுவது, அதிகாரி தூங்கும்போது வருகிறவர்களிடம் "சார் மீட்டிங்ல இருக்காரு" என்று சொல்வது எல்லாம் அவள் தலையில். பதினோரு வருஷமாக அவளுக்குத் தற்காலிகப் பணி. ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் "மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது" என்று ஒரு தாள் வரும். அது வருகிற வரைக்கும் அவள் வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு தொண்டையில் இறங்காது. தெருவில் அவளுக்கு வைத்த பெயர் டெம்பரரி. அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. "எல்லாரும் டெம்பரரிதான். எனக்கு மட்டும் எழுத்துல குடுத்திருக்காங்க" என்பாள்.

அவளுடைய ஒரே ஆசை அந்த வார்த்தை மாற வேண்டும் என்பது. நிரந்தரம் என்று ஒரு தாள். அதற்காக அவள் செய்யாதது இல்லை, செய்யக் கூடாததையும் செய்தாள். அந்தக் கதைதான் இது.

நவம்பர் நடுவில் ஒரு நாள், தெருக்கோடி சலவைக் கடைக்காரர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். அலுவலகம் முன்பு அவர் கடை இருக்கும் இடத்தில்தான் இருந்தது. மேலிடம் இன்னும் அந்த முகவரிக்கே தபால் அனுப்பிக்கொண்டிருந்தது. கவர் ஜனவரியில் வந்ததாம். யாரும் வாங்க வராத துணிகளோடு சேர்த்து அதையும் பத்திரமாக வைத்திருந்தாராம். பொறுப்பான மனுஷர்.

உள்ளே ஒரு சுற்றறிக்கை. இந்த ஆண்டுக்கான உலக தினங்கள் நாற்பது, தேதிவாரியாக. ஒவ்வொன்றையும் பொதுமக்களோடு கொண்டாடி, புகைப்படத்துடன் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். வேறொரு கிளையில் இருக்கும் தோழிக்கு டெம்பரரி போன் போட்டாள். "அடிப்பாவி, இன்னுமா ஆரம்பிக்கல? இத வெச்சுத்தான் இந்த வருஷம் பர்மனன்ட் பண்றாங்களாம்!" என்று அந்தப் பக்கம் அலறியது எனக்கே கேட்டது. ஜன்னல் திறந்திருந்தது.

அதிகாரி சுற்றறிக்கையைத் தூரமாகவும் கிட்டமாகவும் பிடித்துப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு தினம் போயே போச்சேம்மா. போன மாசத்தையெல்லாம் திரும்பக் கூப்பிட முடியுமா?"

"மாசத்த ஏன் சார் கூப்பிடணும்? ஜனங்களக் கூப்பிட்டா போதும்."

இப்படித்தான் நவம்பர் பத்தொன்பது, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு எங்கள் தெரு முழுவதும் அந்தக் கூடத்தில் போய் நின்றது. ஆளுக்கு நாலு ஜோடி துணி கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. சுவரில் ஒரே பேனர்: "உலக", நடுவில் ஒரு முழம் வெற்றிடம், பிறகு "தினம்". நடுவில் குத்த வேண்டிய வார்த்தைகளைக் கீழ்வீட்டுத் தையல்காரர் அட்டையில் வெட்டி வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் வாங்கிப் போகாத சட்டைகளையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். எலக்ட்ரீஷியனுக்கு, அதாவது டெம்பரரியின் கணவருக்கு, ஒரு வங்கி மேனேஜரின் கோட்டு கிடைத்தது. அதைப் போட்ட பிறகு அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

தையல்காரர் மனைவிக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தது. "அக்கா, உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேன், எழுந்தா உக்கார மாட்டேன். எங்கயாவது ஒரு எடத்துல வெச்சிடுங்க" என்றாள். முன்வரிசை நடுநாற்காலியில் வைத்தார்கள்.

பிறகு வருஷம் ஓட ஆரம்பித்தது. ஒரு தினத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம், நடுவில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி. பயறு தினத்துக்கு ஒரு கிண்ணம் பருப்பு. காடு, சுற்றுச்சூழல், மண், பாலைவனம் என்று நாலு தினத்துக்கும் ஒரே செடி. நாலு தடவை நட்டு நாலு தடவை பிடுங்கியதில் அது எங்களைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. விண்கல் தினத்துக்கு எல்லோரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தோம். சூரைமீன் தினத்துக்கு ஒரு தகர டப்பா வந்தது. திறந்தால் நாறும் என்று மூடியபடியே மரியாதை செய்தோம். மக்கள்தொகை தினத்துக்கு விசேஷமாக எதுவும் தேவைப்படவில்லை. முன்வரிசையே போதுமானதாக இருந்தது.

டெம்பரரியின் நாத்தனார் அழகு நிலையம் வைத்திருப்பவள். எல்லோருக்கும் அவள்தான் மேக்கப்.

"அண்ணி, வறுமை ஒழிப்புக்கு லிப்ஸ்டிக் உண்டா, இல்லையா?"

"லேசாப் போடு."

"மனநல தினத்துக்கு?"

"உன் அண்ணனுக்கு முதல்ல போடு. கோட்டப் போட்டதுலேருந்து ஒரு மாதிரி இருக்காரு."

சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கழிப்பறை தினம் வந்தது. அங்கேதான் வண்டி நின்றது. அலுவலகத்தில் கழிப்பறை ஒன்று உண்டு. ஆனால் அதில் பழைய கோப்புகளையும் உடைந்த நாற்காலிகளையும் அடைத்து அதிகாரி பூட்டிவைத்திருந்தார். அவர் வீடு பின்தெருவில், அவருக்குத் தேவையில்லை. டெம்பரரி பதினோரு வருஷமாகத் தையல்காரர் வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், சாவி."

"பூட்டின கதவுக்கு முன்னாடி நின்னு எடுத்துக்கோயேன்மா."

"பூட்டின கழிப்பறைக்கு எதுக்கு சார் தினம்? ரெண்டே நிமிஷம். குடுங்க."

கொடுத்தார். தெருவே சேர்ந்து கோப்புகளை வெளியே தூக்கிப் போட்டது. எலக்ட்ரீஷியன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயைச் சரிசெய்தார், விளக்குப் போட்டார். தையல்காரர் தரையைத் தேய்த்தார். பன்னிரண்டு நிமிஷத்தில் முடியவில்லை, ஒரு மணி நேரம் ஆனது. பளபளவென்று இருந்த கதவுக்கு முன்னால் நாற்காலியோடு தையல்காரர் மனைவியையும் நகர்த்தி வைத்துப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாலு தினங்களும் அவசர அவசரமாக முடிந்தன. சாவி திரும்ப அதிகாரியிடம் போகவில்லை. அவர் கேட்டார், அவள் "இதோ சார்" என்றாள். இன்று வரைக்கும் "இதோ சார்"தான்.

டிசம்பரில் அறிக்கை போனது. தையல்காரர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நீட்டிப்புத் தாள் வரவில்லை. நிரந்தரத் தாளும் வரவில்லை. ஜனவரி நடுவில், வராத இரண்டுக்கும் பதிலாக, ஓர் ஆய்வாளர் வந்தார்.

சின்ன வயசுப் பெண். மூக்குக் கண்ணாடி. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வந்ததும் நாற்பது படங்களையும் மேஜை மேல் தேதிவாரியாகப் பரப்பினார். அதிகாரிக்குத் திடீரென்று பின்தெருவில் வேலை வந்துவிட்டது. செய்தி தெருவுக்கு எட்ட, நாத்தனாரும், கைக்குழந்தையோடு தையல்காரர் மனைவியும் கூடத்தில் வந்து நின்றார்கள். நானும் போனேன். ஜன்னலிலிருந்து படங்கள் தெரியவில்லை.

"இந்தச் சுவர்க் கடிகாரம் ஓடுமா?" என்றார் ஆய்வாளர்.

"ஓடும் மேடம்" என்றாள் டெம்பரரி. பல வருஷமாக ஓடாத கடிகாரம் அது. படம் எடுக்கிற அன்று காலையில்தான், மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, எலக்ட்ரீஷியன் புது பேட்டரி போட்டிருந்தார்.

"மகளிர் தினம், பத்து பன்னிரண்டு. காடுகள் தினம், பத்து இருபத்துநாலு. தண்ணீர் தினம், பத்து முப்பத்தாறு." விரல் ஒவ்வொரு படமாக நகர்ந்தது. "வருஷம் பூரா இப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு நிமிஷமா போகுது."

டெம்பரரி முந்தானையை இழுத்துச் செருகினாள். "அது வந்து மேடம்... ஒவ்வொரு தினத்தையும் முந்தின தினத்தவிடப் பன்னிரண்டு நிமிஷம் தள்ளி ஆரம்பிப்போம். எல்லா நேரத்துக்கும் சம வாய்ப்புன்னு ஒரு கொள்கை."

அசந்துபோனேன். பதினோரு வருஷ அலுவலக அனுபவம் என்றால் சும்மாவா?

"ஒண்ணரைலேருந்து ரெண்டேகால் வரைக்கும் ஒண்ணையும் காணோம்?"

"அது ஆகஸ்ட் மேடம். ஆகஸ்ட்ல தினம் கம்மி."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு விரலை முன்வரிசைக்குக் கொண்டுபோனார்.

"இந்த அம்மா ஜனவரிலேருந்து டிசம்பர் வரைக்கும் எட்டு மாச கர்ப்பமா?"

நாத்தனார்தான் பாய்ந்தாள். "அது இவங்க இல்ல மேடம். இவங்க அக்கா, தங்கச்சி, மாறி மாறி... அந்தக் குடும்பத்துல எப்பவும் யாராவது ஒருத்தர்..."

"யாரு தங்கச்சி? எனக்கு ஏது தங்கச்சி?" தையல்காரர் மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எட்டு மாசமும் கிடையாது மேடம், ஒன்பது. நாற்பது படத்துலயும் நானேதான். முதுகு வலி உயிர் போச்சு!"

குட்டு வெளிப்பட்டது. நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டாள். டெம்பரரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரே நாள்தான் மேடம்" என்றாள். "சுற்றறிக்கை நவம்பர்லதான் கைக்கு வந்துச்சு. நாற்பதும் இல்லேன்னா நிரந்தரம் இல்லன்னாங்க. பதினோரு வருஷமாச்சு மேடம். ஒவ்வொரு டிசம்பரும் வேலை போயிடுச்சுன்னு நெனச்சு நெனச்சு... இந்த டிசம்பர் நெஜமாவே போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்."

ஆய்வாளர் கொஞ்சம் நெளிந்தார். "பஸ்ல நாலு மணி நேரம் வந்திருக்கேன். இங்க டாய்லெட்..." என்று இழுத்தார்.

டெம்பரரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

ஆய்வாளர் உள்ளே போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. நாத்தனார் தையல்காரர் மனைவியைக் கண்ணாலேயே எரித்தாள். "வாய் இருக்கே உனக்கு!" "நான் பொய் சொல்லணுமா? பிள்ளை பெத்தவ!" என்று இரண்டு பேரும் கிசுகிசுப்பில் ஒரு சண்டையையே முடித்துவிட்டார்கள்.

வெளியே வந்த ஆய்வாளரின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஏதோ ஒரு நிம்மதி. "ஆறு கிளை பாத்துட்டேன். மூணுல பூட்டு. ரெண்டுல தண்ணி இல்ல. ஒண்ணுல கதவே இல்ல" என்றார். பிறகு மேஜைக்குப் போய்க் கழிப்பறை தினப் படத்தை மட்டும் தனியாக எடுத்தார்.

"இதையெல்லாம் என்னிக்கு எடுத்தீங்க?"

"நவம்பர் பத்தொன்பது மேடம்."

"கழிப்பறை தினம் என்னிக்கு?"

டெம்பரரி பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தாள். நவம்பர் பத்தொன்பது. அவ்வளவு பேர் இருந்தோம். ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கு எல்லாத் தேதியும் ஒன்றாகத்தான் இருந்தது.

"தேதி சரி. கடிகாரமும் சரி." ஆய்வாளர் தையல்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "குழந்தைக்கு என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு நாள் மேடம்."

"வயிறும் சரி." படத்தைக் கோப்பில் வைத்தார். "முப்பத்தொன்பத என்னால எழுத முடியாது. அத மேல சொன்னா உங்களுக்கும் ஆபத்து, ஆகஸ்ட்ல தினம் கம்மின்னு நான் வேற எழுதணும். அதையெல்லாம் நீங்களே திரும்ப வாங்கிக்கறேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. விதியில நாற்பதுன்னு கிடையாது. 'உரிய தேதியில் குறைந்தது ஒன்றைப் பயனுள்ள வகையில் நடத்தியிருக்க வேண்டும்'னுதான் இருக்கு. நாற்பதுங்கறது பட்டியலோட நீளம்."

"ஒண்ணா?" என்றாள் டெம்பரரி. "ஒண்ணே ஒண்ணா?"

"அதுவே எந்தக் கிளையிலயும் தேறல."

அறிக்கையில் அவர் எழுதியதை நான் தோளுக்கு மேலாகப் படித்தேன். "மேற்படி கழிப்பறையை நேரில் பயன்படுத்திப் பார்த்தேன். திருப்தி."

பிப்ரவரி முதல் வாரம் தாள் வந்தது. இந்தத் தடவை சரியான முகவரிக்கு. டெம்பரரி வாசலிலேயே நின்று மூன்று தடவை படித்தாள். பிறகு அழுதாள். பிறகு தையல்காரர் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதற்கும் ஒரு தடவை படித்துக் காட்டினாள்.

அன்று சாயங்காலமே நாத்தனார் தாளை வாங்கிப் போய்ச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். தங்கநிறப் பட்டை, நல்ல கண்ணாடி. ஆனால் அடிப்பட்டை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

"என்னடி இது, கீழ ரெண்டு வரியக் காணோம்?"

"அது எதுக்கு அண்ணி? 'நிரந்தரப் பணியில் அமர்த்தப்படுகிறார்'. அங்கயே முடிஞ்சுபோச்சு. சொந்தக்காரங்க நாலு பேரு வந்து பாப்பாங்க, கழிப்பறைக்காகவா குடுத்தாங்கன்னு கேப்பாங்க..."

"கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். பதினோரு வருஷம் மழையிலயும் வெயில்லயும் அடுத்த வீட்டுக் கதவத் தட்டினது நான். அந்த ரெண்டு வரி எனக்கு வேணும். போ, போய் மாத்திட்டு வா."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். இப்போது அந்தத் தாள் அவர்கள் வீட்டு முன்னறையில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் தொங்குகிறது. நான் மூன்று தடவை போய்ப் படித்துவிட்டேன். மொத்தம் ஏழு வரி. ஆறாவது, ஏழாவது வரிகளின் மேல் மட்டும் கண்ணாடி கொஞ்சம் கூடுதலாகப் பளபளக்கிறது. தினமும் யாரோ துடைக்கிறார்கள்.